நொட்டாங்கைப் பிள்ளையைப் பார்க்க வந்தவர்

டெக்சாஸில் எங்கள் ஊரான சுகர் லேண்டில் மார்ச் மாதத்துச் சாயங்காலம் என்பது அரைத் தூக்கம் மாதிரி. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். புல் வெட்டிய வாசம் வரும். ஹைஸ்கூல் மைதானத்தின் அலுமினியப் படிகளில் உட்கார்ந்தால் வெயில் முதுகிலிருந்து மெதுவாக இறங்கிப் போவது தெரியும். நான் டப்பாவில் தயிர்சாதத்தோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். மைதானத்தின் நடுவில் ஒரு மண்மேடு. அதன் மேல் நின்றுகொண்டு என் மகன் பந்து எறிவான். எதிரே குந்தியிருக்கும் பையனின் கையுறைக்குள் பந்து போய் விழுவதைப் பார்ப்பேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அந்தச் சத்தம் என் காதுக்கு வரும். அந்த இடைவெளியிலேயே சாயங்காலம் முழுக்கக் கழிந்துவிடும்.

பேஸ்பால் எனக்குத் தெரியாது. எறிகிறவன் எறிகிறான், மட்டை வைத்திருப்பவன் அடிக்கப் பார்க்கிறான், மிச்சப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. என் கணவர் கிரிக்கெட் ஆள், ஈரோட்டில் காலேஜ் டீமில் ஆடியவர். முழங்கையை மடக்கி எறிவதைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. "இதெல்லாம் ஒரு பௌலிங்கா? மாங்கா அடிக்கிற மாதிரி இருக்குது" என்பார். எனர்ஜி கம்பெனியில் வேலை முடிந்து ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஆனாலும் நேரே மைதானத்துக்குத்தான் வருவார்.

மகனுக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அவன் ஆசையோ வேறு. ஜூன் மாதத்தில், சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய ஆட்டமான மேஜர் லீக்கின் டீம்கள் நாடு முழுக்க இருக்கிற பையன்களிலிருந்து வரிசையாக ஆள் எடுப்பார்கள், டிராஃப்ட் என்று அதற்குப் பேர். அதில் ஏதாவது ஒரு டீம் அவன் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னாலும் உடனே மேஜர் லீக்கில் ஆட முடியாது. சின்னச் சின்ன ஊர்களில் வருஷக்கணக்காக ஆடி ஏற வேண்டும். ஏறாமலே போகிறவர்கள்தான் அதிகம். அது தெரிந்தேதான் ஆசைப்பட்டான். "அம்மா, ஐ ஜஸ்ட் வான்ட் டு ட்ரை" என்று என்னிடம் மட்டும் சொல்வான். அவன் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஜூனில் பேர் வந்தால் போகலாம். வரவில்லையென்றால் நேராகக் காலேஜ், அத்தோடு பந்தைக் கீழே வைத்துவிட வேண்டும். பையனும் சரி என்றிருந்தான். சரி என்று சொன்ன நாளிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. பெற்றவளுக்கு அது தெரியாதா?

அவன் நொட்டாங்கைக்காரன். தவழும்போதே எதை நீட்டினாலும் இடது கைதான் முந்திக்கொண்டு வரும். நான் விடவில்லை. சோறு சோத்தாங்கையில். பிரசாதம் சோத்தாங்கையில். பெரியவர்களிடம் ஒன்று கொடுத்தாலும் வாங்கினாலும் சோத்தாங்கை. கிண்டர்கார்டனில் இடது கையில் பென்சிலைப் பிடித்துக் கோணல்மாணலாகத் தன் பேரை எழுதப் பழகிக்கொண்டு வந்து காட்டினான். பென்சிலைப் பிடுங்கி வலது கைக்கு மாற்றினேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, அப்படியெல்லாம் மாற்றக்கூடாது என்றாள். போடி, நீ என்னத்தைக் கண்டாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஓகே ஓகே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதானே.

பந்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. எறிவதற்கு எந்தக் கை என்று எங்கள் வீட்டில் சட்டம் எதுவும் கிடையாது. சாப்பிட, எழுத, விபூதி எடுக்க என்று எல்லா வேலையும் வலது கைக்குப் போய்விட்டது. சும்மா கிடந்த இடது கைக்கு மிஞ்சியது இந்த ஒரு வேலைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கராஜ் கதவில் டென்னிஸ் பந்தை எறிந்துகொண்டே இருப்பான். தொம், தொம் என்று அந்தச் சத்தத்திலேயே நான் பகல் தூக்கம் தூங்கி எழுந்திருக்கிறேன். அவன் அப்பா யாரோ பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு கையுறை வாங்கி வந்தார். அது வலது கையால் எறிகிறவர்கள் இடது கையில் மாட்டுவது. பாவம், பையன் அதை இடது கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பான், பிறகு கழற்றிப் போட்டுவிட்டு அதே கையால் எறிவான். இப்படியே ஒரு சீசன் ஓடியது. புதிதாக வந்த கோச்தான் பார்த்துவிட்டு எங்களை அழைத்து, இடது கையில் இவ்வளவு வேகமாக எறிகிற பிள்ளை கிடைப்பது அபூர்வம், அடிக்கிறவர்களின் கண் எல்லாம் வலது கைப் பந்துக்கே பழகியது, இவன் பந்து அவர்களுக்குப் புது திசையிலிருந்து வரும், முதலில் நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள் என்றார்.

அந்தக் கடைசி வருஷத்து மார்ச்சில் ஒருவர் வர ஆரம்பித்தார். வைக்கோல் தொப்பி, வெயிலில் சிவந்த கழுத்து. கம்பி வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினை என் மகனை நோக்கிப் பிடிப்பார். எனக்குத் திக்கென்றது. அதே மிஷினைக் காட்டித்தான் போன மாதம் ஃப்ரீவேயில் ஒரு போலீஸ்காரர் எனக்கு ஸ்பீடிங் டிக்கெட் கொடுத்திருந்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது நாள் நேரே போய், இங்கே ஸ்பீட் லிமிட் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் என் வாய்ப் பேச்சிலேயே சொல்கிறேன்.

"இங்க லிமிட்டே இல்லைங்க. எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது" என்றார்.

அவர் ஒரு மேஜர் லீக் டீமுக்கு ஆள் பார்த்துச் சொல்கிற ஸ்கவுட். டெக்சாஸ் முழுக்கக் காரிலேயே சுற்றுகிறவர். அன்றிலிருந்து நான் அவர் பக்கத்துப் படியில் உட்காருவேன். அவருக்கு ஒரு மாவடு கொடுத்தேன், வாயில் போட்டதும் அவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வெளிச்சம் மஞ்சளாகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரத்தில் அவர் என் மகனைப் பார்க்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. கையை மட்டும் பார்க்க மாட்டார். அடி வாங்கின பிறகு எப்படித் திரும்பி மேட்டுக்கு நடக்கிறான், தண்ணீர் எப்படிக் குடிக்கிறான் என்றெல்லாம் பார்ப்பார். ஏப்ரலில் ஒரு நாள் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"கை நல்லா இருக்கு. உடம்புதான் சின்னது. இன்னும் வளருவானா, தாங்குவானான்னு தெரியணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமா? அப்பா அம்மாவ ஒண்ணாப் பார்த்தா கொஞ்சம் புரியும்."

இதை வீட்டில் சொன்னதும் என் கணவருக்குக் குழப்பம். "எறியறது அவன். நம்மள எதுக்குப் பார்க்கோணும்?"

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சுக்குங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை முழுக்க கார்ப்பெட்டை வேக்யூம் பண்ணினார். பையனுக்கு முழுக்கைச் சட்டையை அயர்ன் பண்ணி வைத்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும்" என்றார். நானும் என்ன குறைச்சல்? கேசரி கிண்டினேன், வாழைக்காய் பஜ்ஜி போட்டேன், காட்டன் புடவை கட்டிக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் ஸ்கவுட் வந்து சோஃபாவில் உட்கார்ந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தான். அவன் காதுமடல் சிவந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்தவள்தானே.

கேள்விகளும் அதே கேள்விகள்தான். குடும்பத்தில் உயரமானவர்கள் யாராவது உண்டா? என் கணவர் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து, வாசலில் தலை இடிக்க நிற்கும் என் அண்ணனைக் காட்டினார். யாருக்காவது மூட்டு வலி, எலும்பு வியாதி? கிடையாது. கோபம் வருமா பையனுக்கு? "அவனுக்கு வராது, அவங்கம்மாவுக்கு வரும்" என்றார் இவர். ஸ்கவுட் என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். மகன் வலது கையால் பஜ்ஜியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டான். ஃபோன் நம்பர் கேட்டதற்கு வலது கையால் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். ஸ்கவுட்டின் கை கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. அவன் எழுதிய கையைப் பார்த்தார். அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பி, மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க இவனை மாத்தினீங்களா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். இடது கைக்காரர்களுக்கு இருக்கிற மவுசைப் பார்த்துவிட்டு, வலது கைப் பிள்ளையை இடது கையால் எறியப் பழக்குகிற அப்பாக்கள் இங்கே உண்டாம். அப்படிப் பழக்கிய கை கொஞ்ச நாள் ஜோராக எறியும், வருஷம் ஏற ஏற எங்கேயாவது விட்டுப்போகும் என்று அவர் அனுபவத்தில் நம்புகிறார். அப்படிப்பட்ட பையனை அவர் டீமுக்குச் சொல்ல மாட்டார்.

என் கணவர் பதறிப்போய் விளக்க ஆரம்பித்தார். அங்கேதான் கெட்டது காரியம். எங்கள் கல்ச்சரில் வலது கைதான் சுத்தம், இடது கை வேறு காரியத்துக்கு என்று தொடங்கி, கோயில், பூஜை என்று எங்கெங்கோ போனார். கேட்கக் கேட்க எனக்கே அது சாக்குச் சொல்வது மாதிரி இருந்தது. ஸ்கவுட் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு, "உங்க ரெண்டு பேர்ல யாராவது லெஃப்டியா? அது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது" என்று கேட்டார்.

"இல்லைங்க. நாங்க ரெண்டு பேருமே ரைட்டு" என்றார் இவர், வியாதி உண்டா என்று கேட்டதற்குப் பதில் சொன்ன அதே பெருமையோடு. "வீட்டுல யாருமே கிடையாது."

ஸ்கவுட் தொப்பியைக் கையில் எடுத்தார். "ஃபோன் பண்றேன்" என்றார். ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்பதை நான் கேட்டதில்லையா? அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணை மேலே தூக்கவில்லை.

என்னை முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா எடுத்துக் கொடுத்த மல்லிகைப் பூவை நான் இடது கையால் வாங்கிவிட்டேன். பழக்கம், முந்திக்கொண்டது. அங்கிருந்து கடுதாசியே வரவில்லை. அடுத்த முறை இவர் வீட்டார் வந்தபோது, இடது கையை முந்தானைக்குள் சுற்றி இடுப்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்தும் சோறும் எனக்கும் சின்ன வயசிலேயே வலது கைக்கு மாற்றப்பட்டவைதான். அதனால் வெளியே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆகப்போகிறது, அதுவரை இவருக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று இல்லை. சொல்லத் தோன்றவில்லை. மறைத்த கை மறைந்தே இருந்துவிட்டது.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். மிச்சம் இருந்த ஒரு வாழைக்காய், பலகை, கத்தி மூன்றையும் எடுத்து வந்து ஸ்கவுட்டுக்கு எதிரே மேசையில் வைத்தேன். இடது கையில் கத்தியைப் பிடித்தேன். சீவினேன். தாள் மாதிரி வட்டம் வட்டமாக விழுந்தது.

"லெஃப்டி நான்தானுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவனுக்கு எறியக் கற்றுக்கொடுத்தது யாரும் இல்லை. கற்றுக்கொடுத்ததெல்லாம் இந்தப் பக்கம் என்று வலது கையைக் காட்டினேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முன்பின் தெரியாதவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. "எனக்குத் தெரியாதே" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

மகன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "ஐ நியூ. யூ ஆல்வேஸ் சாப் லெஃப்ட், அம்மா" என்றான்.

ஸ்கவுட் தொப்பியை மறுபடி கீழே வைத்தார். காரிலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்து, பின்பக்கத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். என்னை. ஓக் மரத்து நிழல் புல்லில் அசைந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு ஸ்பிரிங்க்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பந்து கையில் கனமாக, சில்லென்று இருந்தது. நான் பந்து எறிந்து எத்தனை காலம் ஆயிற்று? பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் கல் எறிந்ததுதான் கடைசி. கையைப் பின்னுக்கு இழுத்ததும் தோள் தானாகத் திரும்பியது. உடம்பு முழுக்க அந்தத் திசைக்குச் சாய்ந்தது. பந்து எங்கே போகிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. வெயிலும் நிழலும் புல்லும் எல்லாம் ஒரு கணம் எங்கேயோ மிதந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டப் என்று வேலிப் பலகையில் பட்ட சத்தம் பிறகுதான் வந்தது.

"பத்து வயசுல உங்களைப் பார்த்திருக்கணும்" என்றார் ஸ்கவுட். அவர் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது டிரைவ்வேயில் நின்று என்னிடம் நேராகவே சொன்னார். "அவன் பேரை நான் சொல்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேங்க. மேல வரைக்கும் போவானான்னு கேட்டா, போக மாட்டான்னுதான் நெனக்கிறேன். கை போதும். உடம்பு ஒரு எடத்துல நின்னுடும். ஆனா போய்ப் பாக்கறதுக்குத் தகுதி இருக்கு. அது எல்லாருக்கும் இருக்கறதில்லை."

அவர் சொன்னபடிதான் பின்னால் நடந்தது. என் மகன் அயோவாவிலும் டென்னசியிலும் எனக்கு உச்சரிக்க வராத ஊர்களில் ஆடினான், பஸ்ஸிலேயே தூங்கினான், ஒரு கோடையில் தோள் வலித்தது, திரும்பி வந்து படிப்பை முடித்தான். மேஜர் லீக் மண்மேட்டில் அவன் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த வருஷங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

அன்று ஸ்கவுட்டின் கார் திரும்பிப் போன பிறகு, இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"ஒரு நாளாவது வெங்காயம் அரிய வந்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்குமுங்க" என்றேன். அவர் என் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் இன்னும் வாழைக்காய்க் கறை இருந்தது.

ஜூனில் ஃபோன் வந்தது. டிராஃப்ட் பட்டியலில் கடைசிப் பக்கம்தான், ஆனாலும் அவன் பேர் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஸ்கவுட் பேப்பர்களோடு வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். வெளியே மழை வரப் பார்த்து வராமல் புழுங்கியது. இவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, பிறகு கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். மகனிடம் பேனா போயிற்று. பழக்க தோஷத்தில் வலது கையில் வாங்கினான்.

"கண்ணு" என்றேன். "உனக்கு எந்தக் கையில போடோணும்னு இருக்குதோ, அந்தக் கையில போடு."

அவன் என்னைப் பார்த்தான். பேனா இடது கைக்கு மாறியது. மேட்டில் நிற்கும்போது இருக்கிற அதே நிதானத்தோடுதான் எழுதினான். ஆனால் காகிதத்தில் விழுந்த எழுத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தது. வரி மேலே ஏறி வளைந்து போயிருந்தது. அதை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். கிண்டர்கார்டனிலிருந்து கொண்டுவந்து காட்டினானே, அதே பேர், அதே கோணல். அவ்வளவு தூரம், அவ்வளவு வேகமாகப் பந்து எறிகிற அந்தக் கைக்கு எழுத்தில் மட்டும் இன்னும் அஞ்சு வயசு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஸ்கவுட் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "ஆபீஸ்ல கேப்பாங்க. இது அவன் கையெழுத்துதானா?"

"அவனோடதுதான்" என்றேன். "நான்தான் இத்தனை நாள் வாங்கி வச்சிருந்தேன்."